ஒன்றேகால் பாரம்

லிஃப்டக்காவுக்கு ஆகாதவர்கள் நிறையப் பேர். அவள் லிஃப்ட் பராமரிக்கும் பதினான்கு கட்டடங்களில் பாதிக் காவலாளிகளுக்கு அவளைக் கண்டாலே பிடிக்காது. குடியிருப்புச் சங்கச் செயலாளர்கள் மூன்று பேர் அவள் போன் செய்தால் எடுக்கவே மாட்டார்கள். சொந்தத்தில் என்றால் பெரிய நாத்தனார் ஒருத்தி போதும். இவர்கள் எல்லோரும் அவளைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: வாயைத் திறந்தால் குறைதான் வரும். அவள் அதை மறுத்ததில்லை. குறை கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

இருபது வயதில் ஓர் அலுவலகக் கட்டடத்து லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிற வேலைக்கு வந்தவள். பழுது பார்க்க வருகிறவர்கள் அவளை வெளியே போய் நிற்கச் சொல்வார்கள். அவள் போகமாட்டாள். "நாள் பூரா நான் உக்கார்ற பெட்டி. என்ன பண்றீங்கன்னு நான் பாக்கணும்" என்பாள். ஆறு வருஷம் அப்படிப் பார்த்ததில் பழுது பார்த்தவர்களைவிட அவளுக்கு அதிகம் தெரிந்துபோயிற்று. பிறகு உரிமத் தேர்வு எழுதி, மூன்றாவது தடவையில் தேறி, ஸ்பேனரோடு அதே கட்டடத்துக்குத் திரும்பி வந்தாள். ஸ்டூலை முதல் நாளே தூக்கி வெளியே வைத்தாள்.

இந்தத் தொழிலில் ஒரு லிஃப்டை நம்புவதற்கு முறை இருக்கிறது. முதலில் வெறும் பெட்டியை ஓட்டுவது. பிறகு பத்துப் பேர் பெட்டி என்றால் பத்துப் பேர் எடைக்கு இரும்புக் கற்களை ஏற்றி ஓட்டுவது. கடைசியாக அதற்கும் மேல் கால்பங்கு ஏற்றுவது. ஒன்றேகால் பாரம். அந்த எடையோடு கீழே இறங்குகிற பெட்டியை பிரேக் பிடித்து நிறுத்துகிறதா என்று மேலே மோட்டார் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பார்க்கும்போது கை வைக்கக் கூடாது. பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். பிடிக்குமா பிடிக்காதா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிற அந்த நாலைந்து நொடியும் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நிற்பது அவள் பழக்கம். பதினெட்டு வருஷமாக நின்றிருக்கிறாள்.

அவளுக்கு ஒரு மகள். பதினோரு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். மகள் குறைவாகப் பேசுவாள். பேசியது அப்படியே நடக்க வேண்டும். எந்த அறைக்குள்ளும் அவள்தான் கடைசியாக நுழைவாள். அவளுக்குப் பின்னால் யாராவது வந்துவிட்டால் வெளியே போய், எல்லோரும் அடங்கிய பிறகு மறுபடியும் வருவாள். "சபை கூடிய பிறகுதான் எங்க மகாராணி வருவாங்க" என்று அப்பா சொல்லப்போய், வீட்டில் அவள் பெயரே மகாராணி ஆகிவிட்டது. தொடக்கப் பள்ளியில் ஒரு டீச்சர் இதை இரண்டு மாதத்தில் புரிந்துகொண்டு ஐந்து வருஷம் சமாளித்தார். அந்தப் பள்ளி ஐந்தாவதோடு முடிகிறது. ஆறாவதுக்கு எங்கே என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால், எங்கே இடம் காலியோ அங்கே கல்வி அலுவலகமே போட்டுவிடும் என்று கடிதம் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய நாத்தனார் சாப்பிட வந்தாள். நகரத்தின் பெரிய தனியார் பள்ளி ஒன்றில் அவள் அலுவலகக் கிளார்க்.

"முதல்வர்கிட்ட நானே பேசி சீட்டு வாங்கிட்டேன். எழுவது பேர் வரிசையில நிக்கிறாங்க. நீ வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்."

"பாத்துட்டுப் போடறேன் அண்ணி."

"எதைப் பாக்கப் போற? நான் பத்தொம்பது வருஷமா அங்கதான் இருக்கேன்."

"நீங்க ஆபீஸ்ல இருக்கீங்க. அவ வகுப்புல இருக்கணும்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி தட்டைப் பார்த்தான். அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன்.

"ஊருக்கெல்லாம் பார்வையைச் சரி பண்றே. உன் வீட்டுல என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுதாடா?" என்றாள் அக்கா.

"பாக்கட்டும்க்கா. பாத்தா என்ன, தேஞ்சா போயிடும்?"

"அவ பாத்தா தேஞ்சுதான் போகும்."

திங்கட்கிழமை லிஃப்டக்கா லீவு போட்டுவிட்டு அந்தப் பள்ளிக்குப் போனாள். முதல்வர் மெதுவாகப் பேசுகிற மனிதர். தாமே எழுந்து வந்து சுற்றிக் காட்டினார். வராந்தாச் சுவரெல்லாம் மேகம் வரைந்திருந்தார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஓர் அமைதி அறை இருந்தது. மெத்தை, தலையணை, மங்கலான விளக்கு. லிஃப்டக்கா குனிந்து மெத்தையைத் தொட்டாள்.

"பிளாஸ்டிக் உறையே பிரிக்கல போல?"

"புதுசும்மா."

உறையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் தேதி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. சீட்டை விரலால் தடவி நேராக்கிவிட்டு நிமிர்ந்தாள். பின்னால் நின்ற நாத்தனார் மூச்சு விட்டது கேட்டது.

"ஆறாவதுல ஒரு நாளைக்கு எத்தனை தடவை அறை மாறணும்?"

"ஏழு தடவை. பிள்ளைங்களுக்கும் நடமாட்டம் இருக்கும்ல?"

"என் பொண்ணு கடைசியாத்தான் நுழைவா. பின்னாடி யாரும் வரக்கூடாது. ஏழு தடவையும் கதவுகிட்ட யாரு நிப்பாங்க?"

"அன்பாச் சொன்னா பிள்ளைங்க கேட்டுக்குவாங்கம்மா. நீங்க கவலையே படாதீங்க. எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிப் பாத்துக்குவோம்."

"உங்க வீட்டுல இந்த மாதிரிப் பிள்ளை இருக்கா?"

நாத்தனார் முழங்கையால் இடித்தாள். முதல்வர் சிரித்தார். "இல்லைம்மா."

"அப்ப எந்த மாதிரின்னு உங்களுக்கும் தெரியாது."

கடைசியாக அவள் ஒன்று கேட்டாள். பிள்ளைகளுக்கு அடிபட்டால், சண்டை வந்தால், யாராவது மிரண்டு ஓடினால் எழுதி வைக்கிற நோட்டு இருக்கிறதா? இருந்தது. கெட்டி அட்டை போட்ட அழகான பதிவேடு. திறந்தாள். கோடு போட்ட பக்கங்கள், ஓர் எழுத்து இல்லை. "தொடங்கி மூணு வருஷம் ஆச்சு. கடவுள் புண்ணியத்துல இதுவரைக்கும் எழுத வேண்டிய அவசியமே வரல" என்றார் முதல்வர், பெருமையாக.

ஒவ்வொரு லிஃப்டுக்கும் அவள் தொழிலில் ஒரு லாக் புக் உண்டு. கதவு சிக்கியது, மோட்டார் சூடானது, மழையில் தண்ணீர் இறங்கியது என்று வாரத்துக்கு இரண்டு வரியாவது இருக்கும். வெறுமையான லாக் புக்கை நீட்டுகிற கட்டடத்தில் அவள் படிக்கட்டில்தான் ஏறுவாள்.

"நானூறு பிள்ளைங்க இருக்கற இடத்துல மூணு வருஷமா ஒண்ணும் நடக்கலன்னா, ஒண்ணு இது பள்ளிக்கூடம் இல்ல, இல்லன்னா நீங்க எழுதல" என்று சொல்லி, பதிவேட்டை மூடி மேசைமேல் வைத்தாள்.

வாசல் படியில் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "பத்தொம்பது வருஷம் கட்டிக் காப்பாத்துன பேரை பத்து நிமிஷத்துல நாசம் பண்ணிட்டியே. நாளைக்கு அவர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"நீங்க ஏன் அண்ணி முழிக்கணும்? நோட்டு அவரோடது."

"உன்கிட்டப் பேசறதுக்குச் செவுத்துல முட்டிக்கலாம்" என்று சொல்லி அவள் உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் தம்பியிடம் மட்டும்தான் பேசினாள்.

அடுத்த நாள் லிஃப்டக்கா போனது நகராட்சி நடுநிலைப் பள்ளிக்கு. டயர் கடைகளுக்குப் பின்னால், இரண்டு மாடி, பெயின்ட் உரிந்த கட்டடம். தலைமையாசிரியை குள்ளமானவள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வாயில் கதவுக்கு உள்ளே நின்றே பேசினாள்.

"பாடம் நடக்குது. மூணு மணிக்கு வாங்க."

"மூணு மணிக்கு எனக்கு வேலை இருக்கு."

"எனக்கு இப்ப வேலை இருக்கு."

கதவு சாத்தப்பட்டது. லிஃப்டக்கா மூன்று மணிக்கு வந்தாள். அதற்குள் கீழ் வகுப்புகள் விட்டு, கட்டடம் பாதி காலியாகியிருந்தது. பத்து நிமிஷம் கொடுத்தாள் தலைமையாசிரியை, நாற்காலி கொடுக்கவில்லை.

"இங்க பிள்ளைங்க அறை மாற மாட்டாங்க. வாத்தியாருங்கதான் மாறுவாங்க. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்காகன்னு நினைக்காதீங்க. படிக்கட்டு குறுகல், அவ்வளவுதான்."

"இந்த மாதிரிப் பிள்ளைங்க எத்தனை பேர்?"

"ஆறு. போன வருஷம் எட்டு. ரெண்டு பேர் பாதியில போயிட்டாங்க."

"ஏன்?"

"ஒருத்தனைச் சமாளிக்க எங்களால முடியல. இன்னொருத்தியோட அப்பாவைச் சமாளிக்க எங்களால முடியல."

அலமாரியில் நான்கு தடித்த நோட்டுகள் முதுகு பிய்ந்து கிடந்தன. என்ன நோட்டு என்று லிஃப்டக்கா கேட்காமலே தெரிந்துகொண்டாள்.

"அதைப் பாக்கலாமா?"

"கூடாது."

"நான் பள்ளிக்கூடம் தேடறேன். எனக்குத் தெரியணும்ல?"

"அடுத்த வீட்டுப் பிள்ளை கடிச்சது, அழுதது, நனைச்சுக்கிட்டது எல்லாம் உங்களுக்கு எதுக்கு? நாளைக்கு உங்க பொண்ணு கதையை வர்றவங்க போறவங்க எல்லாரும் புரட்டிப் பாத்தா உங்களுக்குச் சம்மதமா?"

லிஃப்டக்கா அலமாரியை விட்டுத் தள்ளி நின்றாள். அவளை ஒருத்தர் மடக்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாளைக் கண்டாலே பிடிக்கவில்லை.

"எனக்கென்னவோ அந்த ரெண்டாவது இடம்தான்" என்றாள் வீட்டில்.

"அப்ப எழுதிக் குடுத்துடு" என்றான் கணவன். "அக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சது வச்சதுதான். இதாவது முடியட்டும்."

"அதெப்படி? மூணு மணிக்குப் பாதிப் பள்ளிக்கூடத்தைத்தான் பாத்தேன். நிறைஞ்சு இருக்கறப்ப பாக்கல."

அவன் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டான். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

புதன்கிழமை அவள் மகளை அழைத்துக்கொண்டு போனாள். மதிய இடைவேளை பன்னிரண்டு நாற்பதுக்கு என்று காவலாளியிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாள். புதன்கிழமைகளில் அந்த நேரத்தில்தான் வளாகத்தில் டிரம் பயிற்சி என்றும் அவனே சொல்லியிருந்தான். முந்நூறு பிள்ளைகள் முழுப் பாரம். டிரம், அதற்கும் மேல் கால்பங்கு. சேர்க்கை விண்ணப்பம் கொடுக்க வந்ததாகச் சொல்லி உள்ளே நுழைந்து, மகளைப் படிக்கட்டின் அடியில், மணிக்கு நேர் கீழே நிறுத்தினாள்.

"மணி அடிக்கும். பிள்ளைங்க வருவாங்க. அம்மா இங்கதான் இருப்பேன்."

"எவ்வளவு நேரம்?" என்றாள் மகள்.

"அஞ்சு நிமிஷம்."

மணி அடித்தது. அடித்த மறுநொடி மேலே இரண்டு மாடிக் கதவுகளும் திறந்து, குறுகலான அந்தப் படிக்கட்டில் ஆறாவது, ஏழாவது, எட்டாவது எல்லாம் ஒன்றாகக் கொட்டின. வளாகத்தில் டிரம் ஆரம்பித்தது. லிஃப்டக்கா கூட்டத்தைப் பார்க்கவில்லை. மகளின் தோளையும் கையையும் பார்த்தாள். மகள் காதைப் பொத்தினாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். லிஃப்டக்காவின் இரண்டு கையும் பாக்கெட்டுக்குள் இருந்தன. சோதனை நடுவில் கை வைக்கக் கூடாது என்று அந்தக் கைகளுக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். அம்மா அசையாமல் நிற்பதை மகள் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். அப்புறம் யாரையோ தள்ளிவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் துடைப்பமும் வாளியும் போட்டிருந்த பொந்துக்குள் ஓடி, மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தாள். அவள் போட்ட சத்தத்தில் டிரம் கேட்கவில்லை.

தலைமையாசிரியை எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. கத்தவில்லை. கையை மட்டும் தூக்கினாள். படியில் வந்த பிள்ளைகள் அப்படியே நின்று, திரும்பி, பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனார்கள். ஓர் ஆசிரியர் ஓடிப்போய் டிரம்மை நிறுத்தினார். தலைமையாசிரியை வாளிகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சுவருக்கும் அந்தப் பெண்ணின் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்புறம்தான் லிஃப்டக்காவிடம் தணிந்த குரலில் பேசினாள்.

"நீங்க வெளிய போங்க."

"நான் அவ அம்மா."

"அதனாலதான் சொல்றேன்."

லிஃப்டக்கா வாயிலுக்கு வெளியே போய் நின்றாள். தன் கைக்கடிகாரத்தில் முப்பத்தெட்டு நிமிஷம் எண்ணினாள். மகள் ஓர் ஆசிரியையோடு வெளியே வந்து, அம்மாவைத் தாண்டிப் போய், தெருவின் எதிர்ப்பக்கம் நின்றாள். மணிக்கட்டில் பல் பதிந்திருந்தது. பின்னால் வந்த தலைமையாசிரியையின் புறங்கை சுவரில் உரசித் தோல் வழன்றிருந்தது.

"இந்த நேரத்துக்கு யாரு வரச் சொன்னது?"

"நானாத்தான் வந்தேன்."

"புதன்கிழமை. டிரம். மணிக்குக் கீழ. தெரியாம வந்தீங்களா?"

"தெரிஞ்சுதான்." வேறு வழியில்லாமல் அவள் தன் தொழில் முறையைச் சொன்னாள். வெறும் பெட்டி, முழுப் பாரம், ஒன்றேகால் பாரம். சொல்லச் சொல்ல அவளுக்கே அது வேறு மாதிரிக் கேட்டது.

தலைமையாசிரியை கடைசிவரை கேட்டாள். "டெஸ்ட்ல லிஃப்ட் தேறலன்னா என்ன பண்ணுவீங்க?"

"பிரேக்கை மாத்துவோம்."

"இவளுக்கு எதை மாத்தப் போறீங்க?"

வாயில் கதவு சாத்தப்பட்டது.

அந்த இரண்டு நாள் வீட்டில் சமையல் நடந்தது, துணி காய்ந்தது, பேச்சு நடக்கவில்லை. கணவன் அவளிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் சொல்லல." அவள் இல்லை என்று சொல்லவில்லை. நாத்தனார் போனில் தம்பியிடம் பேசியது அடுப்படிவரை கேட்டது. "சீட்டு இப்பவும் இருக்குடா. நீ மட்டும் வா. அவ காலடி இங்க படக்கூடாது." மகள் அம்மா இருக்கிற அறைக்குள் கடைசியாகக்கூட வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். வியாழக்கிழமை காலையில் கதவுக்கு வெளியே நின்று ஒன்று மட்டும் சொன்னாள்.

"அஞ்சு நிமிஷம் இல்ல."

"இல்ல" என்றாள் லிஃப்டக்கா. "தப்புதான்."

மகள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பேரும் நகராட்சிப் பள்ளிக்குப் போனார்கள். கணவனுக்கு நம்பிக்கையில்லை. "அந்தம்மா நம்ம மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க. நாலு மணிக்கு அக்காகிட்டப் போயிடுவோம், சொல்லிட்டேன்." அவனும் மகளும் எதிர்ப்பக்க பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லிஃப்டக்கா காவலாளி அறையில் காத்திருந்தாள்.

தலைமையாசிரியை ஒரு நோட்டோடு வந்தாள். "இந்தப் பக்கம் உங்க பொண்ணைப் பத்தினது. இதை மட்டும் படிக்கலாம். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

லிஃப்டக்கா படித்தாள். எத்தனை மணி, எந்தப் படி, முதலில் காதைப் பொத்தியது, பிறகு அம்மாவைப் பார்த்தது, அதன் பிறகு ஓடியது எல்லாம் வரிசையாக இருந்தது. காரணம் என்ற இடத்தில், 'தாய் வேண்டுமென்றே கூட்ட நேரத்தில் நிறுத்தியது. மணி மிக அருகில். பள்ளியின் தவறு: காவலாளி நேரத்தைச் சொன்னது, நான் கவனிக்காதது' என்று இருந்தது. இனிமேல் என்ற இடத்தில், மணியை மேல் மாடிக்கு மாற்றுவது, டிரம்மை வளாகத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோவது. கடைசி வரி: 'தாய் வாயிலைத் தாண்டக் கூடாது.'

"நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கீங்க. முப்பத்தெட்டுதான்."

"எங்க கடிகாரத்துல நாப்பது."

"உங்க கடிகாரத்துல அவ வெளிய வந்த நேரத்தைப் பாத்தீங்களா, இல்ல உத்தேசமா எழுதுனீங்களா?"

தலைமையாசிரியை நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். "உத்தேசந்தான்." பேனாவை வாங்கி நாற்பதின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் முப்பத்தெட்டு என்று எழுதி, சின்னதாகக் கையொப்பம் வைத்தாள்.

அடித்த நாற்பதும் படிக்கும்படி இருந்தது, அவள் லாக் புக்கில் திருத்துவது போலவே. லிஃப்டக்கா அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்து கேவலமா இருக்கு" என்றாள்.

"படிக்க முடிஞ்சுதுல்ல?"

அவள் கையெழுத்துப் போட்டாள். "சேத்துக்குவீங்களா?"

"அவளைச் சேத்துக்கறேன். உங்களை இல்ல."

"அவ வரமாட்டேன்னு சொன்னா?"

"அவகிட்ட யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை, எழுபது பேரைத் தாண்டிச் சீட்டு வாங்கிய அத்தையும் கேட்கவில்லை. தலைமையாசிரியை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தெருவைக் கடந்து பெஞ்சுக்குப் போனாள். உட்காரவில்லை, நாலடி தள்ளி நின்றுகொண்டாள். அவள் மகளிடம் பேசியது லிஃப்டக்கா நின்ற வாயில்வரை கேட்டது.

"பின்பக்கம் ஒரு கதவு இருக்கு. அந்த வழியா யாரும் வர்றதில்ல. பாக்கறியா?"

மகள் தரையைப் பார்த்தாள். "மணி?"

"கழட்டி மேல மாட்டியாச்சு. கேக்கும். முன்ன மாதிரி இல்ல."

"எவ்வளவு நேரம்?"

"எனக்கே சரியாத் தெரியல. அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகும். பத்து ஆனாலும் ஆகும். நீ போதும்னு சொன்னா வந்துடலாம்."

மகள் அதை மனதுக்குள் எடைபோட்டாள். பிறகு எழுந்து தெருவைக் கடந்து வந்து, அம்மாவுக்கு எதிரில், இந்த இரண்டு நாளில் முதல் தடவையாக, நேராக நின்றாள்.

"அம்மா வெளிய" என்றாள்.

"சரி."

"அம்மா வெளிய."

"இங்கயேதான் நிப்பேன்."

தலைமையாசிரியை சுவரோரமாகப் பின்பக்கம் நடந்தாள். மகள் பத்தடி தள்ளிப் பின்னால் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. காவலாளி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

லிஃப்டக்கா கல்வி அலுவலகத்துக் காகிதத்தை வாயில் தூணில் வைத்து அழுத்தி, பள்ளியின் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, கணவனிடம் நீட்டினாள்.

"அஞ்சு மணிக்குள்ள குடுத்துடுங்க. அண்ணிகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."

"அக்கா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா."

"பண்ணட்டும்."

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "நீ வரல?"

"அவ இன்னும் வெளிய வரலையே" என்றாள்.